ஓர் ஆற்றில் எதை முதலில் காப்பது: தாமிரபரணியை முன்வைத்து ஒரு செயல்முறை வழிகாட்டி

ஆற்றையும் அதில் வாழும் உயிர்களையும் காக்க வேண்டும் என்று ஒரு கல்லூரிக் குழுவோ ஊர் நலச் சங்கமோ ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவோ இறங்கினால், முதல் சில மாதங்கள் பட்டியல் எழுதுவதிலேயே கழிந்துவிடுகின்றன. இத்தனை மீன், இத்தனை பறவை, இத்தனை தும்பி என்று தடித்த கோப்பு ஒன்று உருவாகும். அதை அதிகாரியின் மேசையில் வைத்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "சரி, நான் இப்போது எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்?" அதற்கு விடை இல்லாத கோப்பு அலமாரிக்குப் போய்விடும். எங்கள் குழுவின் கோப்பும் சில காலம் அங்கேதான் இருந்தது. இந்தப் பணியைத் தொடங்கப்போகும் மற்றவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாக வேண்டும் என்பதற்காக, வேலையை அதன் வரிசையிலேயே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்குத் தாமிரபரணியை எடுத்துக்கொண்டிருக்கிறேன்; வேறு ஆற்றுக்காரர்கள் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நீங்கள் இறுதியில் கையில் வைத்திருக்க வேண்டியது நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை: ஆற்றின் எந்தத் துண்டு, அங்கே எந்த உயிரினத்துக்காக, எந்த ஆபத்துக்கு எதிராக, எந்த அலுவலகம் செயல்பட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த அட்டவணையை நிரப்புவதற்காகத்தான்.

1. ஆற்றைத் துண்டுகளாகப் பிரியுங்கள்

மாவட்ட எல்லையை வைத்துப் பிரிக்காதீர்கள். தாமிரபரணியின் மேல்மலையும் நடுப்பகுதியும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கின்றன. கடனாநதி, ராமநதி, சிற்றாறு ஆகியவை 2019இல் பிரிந்த தென்காசி மாவட்டத்திலிருந்து வருகின்றன. ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. ஒரு மாவட்டத்தோடு நின்றுகொண்டால், கேடு தொடங்கும் இடம் உங்கள் வரைபடத்துக்கு வெளியே போய்விடும்.

ஆற்றுக்கு அதன் சொந்த எல்லைகள் உண்டு. மீனால் ஏறிக் கடக்க முடியாத இடமெல்லாம் ஓர் எல்லைதான். தாமிரபரணியில் அந்த வேலையை அணைக்கட்டுகள், அதாவது நீரைக் கால்வாய்களுக்குத் திருப்பும் தாழ்ந்த தடுப்புகள், ஏற்கெனவே செய்து வைத்திருக்கின்றன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஒவ்வோர் அணைக்கட்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட ஆற்றை ஒரு துண்டாகக் கொள்ளுங்கள். அவற்றோடு பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளுக்கு மேலுள்ள மலையோடைகள், சிற்றாறு, பச்சையாறு, ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழுள்ள கழிமுகம் ஆகியவற்றைச் சேருங்கள். கால்வாய்ப் பாசனக் குளங்களைத் தனித்தனியாக எண்ணாமல், ஒரே கால்வாயில் நிரம்பும் குளங்களை ஒரு தொகுதியாக வையுங்கள். ஏறத்தாழ இருபது துண்டுகளுக்கு மேல் போனால் சிறிய குழுவால் சமாளிக்க முடியாது.

வரைபடத்துக்குச் செலவில்லை. ஹைட்ரோஷெட்ஸ் தளத்தில் வடிநில எல்லைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வரைபடம் வரையும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். கணினி தெரிந்த ஒருவர் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

2. ஏற்கெனவே உள்ள தரவை வாங்குங்கள்

களத்துக்குப் போகும் ஆசையைச் சற்று அடக்கிக்கொண்டு, இந்தப் படியை முடித்துவிடுங்கள்.

முதலில், ஐயுசிஎன் எனப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல்; எந்த இனம் அழிவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தரம் பிரித்துச் சொல்வது அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீர் உயிரினங்களைப் பற்றி அந்த அமைப்பு 2011இல் வெளியிட்ட மதிப்பீடு, ஆராய்ந்த இனங்களில் ஏறத்தாழ 16 விழுக்காடு அழிவின் ஆபத்தில் இருப்பதாகக் கூறியது. 2025 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்த உலகளாவிய மதிப்பீட்டில், ஆராயப்பட்ட நன்னீர் மீன்கள், தும்பிகள், நண்டு-இறால் வகைகளில் நான்கில் ஒன்று ஆபத்தில் இருப்பது தெரியவந்தது. முன்னுரைக்கு இந்த இரண்டு எண்கள் போதும். உங்களுக்கு வேண்டியது இந்த ஆற்றில் மட்டுமே வாழும் இனங்கள். ஆற்றின் பெயரையே தாங்கிய டாகின்சியா தம்ப்ரபர்ணியெய் என்ற கெண்டை வகை, களக்காட்டின் பெயர் கொண்ட காரா கலக்கடென்சிஸ் என்ற கல்லொட்டி மீன் போன்றவற்றை முதலில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றின் தற்போதைய நிலையையும் மதிப்பீட்டு ஆண்டையும் பக்கத்தில் குறியுங்கள். பத்தாண்டுக்கு மேல் பழைய மதிப்பீடு என்றால் ஒரு நட்சத்திரக் குறி இடுங்கள்.

பறவைகளுக்குத் தனிக் கணக்கெடுப்பு தேவையில்லை. ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஜனவரி மாதங்களில் தாமிரபரணி நீர்நிலைப் பறவைகள் கணக்கெடுப்பைத் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திவருகிறது. அதில் தன்னார்வலராகச் சேர்ந்துவிடுங்கள். தரவும் கிடைக்கும், ஆட்களும் கிடைப்பார்கள்.

அடுத்தது நீரளவும் நீர்த்தரமும். மத்திய நீர் ஆணையத்தின் முறப்பநாடு அளவீட்டு நிலையத் தரவை நாட்டின் நீர்வளத் தகவல் தளமான இந்தியா-டபிள்யூஆர்ஐஎஸ்ஸில் தேடுங்கள். மற்றவற்றுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுதான் வழி. கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டாலும் பதில் நிறைவளிக்காவிட்டாலும் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ஆக, ஒரு சுற்றுக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். எல்லா மனுக்களையும் ஒரே நாளில் விரைவஞ்சலில் அனுப்பி, ஒப்புகைகளை ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள்.

இங்கே பெரும்பாலோர் விழும் குழி ஒன்று உண்டு. "ஆற்றைக் காக்க எடுத்த நடவடிக்கை என்ன?" என்று கேட்டால் "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று ஒரு வரி வரும். கேட்க வேண்டியது பதிவேட்டை. நீர்வளத் துறையிடம், கடந்த ஐந்தாண்டுகளில் ஒவ்வொரு மாதமும் அணைகளிலிருந்து திறந்த நீர், ஒவ்வோர் அணைக்கட்டையும் தாண்டி வழிந்த நீர் ஆகியவற்றின் பதிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம், ஆற்றின் ஒவ்வொரு மாதிரி எடுக்கும் இடத்துக்குமான மாதவாரி அளவுகள். குடிநீர் வடிகால் வாரியத்திடம், ஆற்றுப் படுகையில் உள்ள உறைகிணறுகளின் பட்டியலும் அன்றாடம் எடுக்கும் அளவும். மாநகராட்சியிடம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வரும் அளவும் வெளியேறும் அளவும். ஒரு மனுவில் ஓர் அலுவலகத்துக்கு உரியதை மட்டும் கேளுங்கள். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் சட்டத்தின் 6(3) பிரிவின்படி 5 நாளில் மாற்றி அனுப்ப வேண்டும் என்றாலும், அந்த மாற்றத்தில் மனு எங்கே நிற்கிறது என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

3. அனுமதிகள்

மேல்மலையின் பெரும்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே ஆய்வுக்கு நுழையவும், ஒரு மீனைக் கையில் எடுக்கவும், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி தேவை. சட்டத்தின் அட்டவணைகள் 2023 ஏப்ரல் முதல் மாறியிருக்கின்றன. ஆகவே பழைய கையேடுகளைப் பார்த்து விண்ணப்பத்தில் அட்டவணை எண் எழுதாதீர்கள்.

விண்ணப்பத்தோடு இவை தேவைப்படும்: ஆய்வுத் திட்டம் நான்கைந்து பக்கங்களில், நிறுவனத் தலைவரின் கடிதம், வருவோர் ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகல், வாகன எண், போகும் இடங்களின் வரைபடம், நாள்கள், எந்த இனத்தில் எத்தனை மாதிரி, அந்த மாதிரிகள் கடைசியில் எந்த அருங்காட்சியகத்தில் சேரும் என்ற விவரம். கடைசி இரண்டையும் எழுதாமல் விட்டால் விண்ணப்பம் விளக்கம் கேட்டுத் திரும்பிவரும். அனுமதிக்குப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால், பிப்ரவரியில் களத்துக்குப் போக வேண்டுமானால் முந்தைய ஜூலையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். தீப்பருவத்தில் காட்டுக்குள் நுழைவதற்குக் கட்டுப்பாடு வரலாம். அனுமதிக் காலத்தை அதற்கும் சேர்த்து நீட்டிக் கேளுங்கள்.

காப்பகத்துக்கு வெளியே குளங்களில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் இருப்பார். அவரிடம் முன்கூட்டியே பேசாமல் வலை போட்டால் அன்று மாலையே காவல் நிலையத்தில் விளக்கம் சொல்ல நேரிடும். குழுவில் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இருந்தால், சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

4. களப்பணி: எப்போது, எப்படி, எவ்வளவு

தாமிரபரணிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலையை நனைக்கும்போது கார் சாகுபடிக்கும், வடகிழக்குப் பருவத்தில் பிசானத்துக்கும் நீர் திறக்கப்படும். ஆற்றின் உண்மையான நெருக்கடி தெரிவது பிசானம் முடிந்து நீர் இறங்கும் பிப்ரவரி முதல் மே வரை. முதன்மைச் சுற்றை அப்போது வைத்துக்கொண்டு, ஆகஸ்டில் ஒரு சிறிய சுற்றைச் செய்யுங்கள். பழைய தரவோடு ஒப்பிடும்போது, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருவெள்ளத்துக்கு முன்னால் எடுத்ததா, பின்னால் எடுத்ததா என்று ஒவ்வொரு வரியிலும் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளம் படுகையையே மாற்றிப்போட்ட இடங்களில் இரண்டையும் கலந்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

அணைக்கட்டின் கீழ்த்தளத்தில், நீர் வடிந்த பிறகு கற்களுக்கிடையே நிற்கும் குட்டைகளில் தொடங்குங்கள். மேலே ஏற முடியாத மீன்கள் அங்கேதான் குவியும். பாறைகளின் மேல் நீர்நாயின் எச்சம் கிடந்தால் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள்: மீன் செதில் மின்னினால் பெரும்பாலும் சமவெளி ஆறுகளில் கூட்டமாகத் திரியும் பெரிய நீர்நாய், நண்டு ஓட்டுத் துணுக்குகளே நிறைந்திருந்தால், அதுவும் மலையோடை என்றால், சிறிய மலை நீர்நாயாக இருக்க வாய்ப்புண்டு. படம் எடுத்து, ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்தால் போதும், பிடிக்கத் தேவையில்லை.

மீனவர்களிடம் கேட்கும்போது பெயரை மட்டும் எழுதாதீர்கள். கெண்டை என்றும் அயிரை என்றும் ஒரே பெயரில் பல இனங்கள் வரும். படங்களைக் காட்டித் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். விலாங்கைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அது கடலில் முட்டையிட்டு, குஞ்சாக ஆறேறி வந்து வளர்கிற மீன். எந்த அணைக்கட்டுக்கு மேலே எப்போதிலிருந்து கிடைப்பதில்லை என்று மூத்த மீனவர் சொல்லும் பதில், ஆறு எங்கே துண்டுபட்டிருக்கிறது என்பதை எந்தக் கருவியையும்விடத் தெளிவாகக் காட்டும்.

மாதிரி எடுக்க அனுமதி இருந்தால், மீனைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போடுவதற்கு முன் துடுப்பில் ஒரு சிறு துண்டு வெட்டித் தனிக் குப்பியில் 95 விழுக்காடு எத்தனாலில் வையுங்கள். ஃபார்மலினில் ஊறிய தசை மரபணுச் சோதனைக்கு உதவாது. சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். எத்தனால் வாங்க உரிமம் தேவை. உரிமம் உள்ள கல்லூரி ஆய்வகத்தோடு சேர்ந்து செய்வதே எளிது. இனம் காண இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை, கோழிக்கோடு மையங்களை அணுகலாம். பதில் வரச் சில மாதங்கள் ஆகும்.

நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை விடியுமுன் அளக்க வேண்டும். பாசி மண்டிய நீரில் பிற்பகலில் அளவு உயர்ந்து நிற்கும், விடியும் நேரத்தில் தரைமட்டத்துக்கு இறங்கும்; மீன் சாவது அந்த நேரத்தில்தான். அலுவலக நேரத்தில் எடுத்த மாதிரிகளில் மட்டும் எல்லாம் நலமாக இருப்பதன் காரணம் இதுவாக இருக்கக்கூடும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் மீனும் வன உயிரினமும் வாழ ஏற்ற நீர் 'டி' வகை: ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பி.எச். 6.5 முதல் 8.5 வரை, தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. இதற்கான வேதிச் சோதனைப் பெட்டி சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். மின்னணுக் கருவியின் விலை பல மடங்கு. தொடக்கத்துக்குப் பெட்டியே போதும். மொத்தச் செலவில் பெரும்பங்கு வண்டிக்கும் சாப்பாட்டுக்கும்தான் போகும். பணம் குறைந்தால் கருவியை விடுங்கள், இரண்டாவது சுற்றை விடாதீர்கள்.

5. தரம் பிரியுங்கள்

இனிதான் முக்கியமான வேலை. வழக்கமாக ஒவ்வொரு துண்டுக்கும் இனங்களுக்கு இத்தனை மதிப்பெண், ஆபத்துக்கு இத்தனை, மாசுக்கு இத்தனை என்று போட்டு எக்செலில் கூட்டிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கூட்டினால், சாக்கடை கலந்து ஏற்கெனவே பாதி செத்த நகரப் பகுதி ஆபத்து மதிப்பெண்ணால் மேலே வந்துவிடும். வேறெங்கும் இல்லாத மீன் வாழும் தெளிந்த ஓடை, ஆபத்து குறைவு என்பதால் கீழே போய்விடும். இனங்களின் எண்ணிக்கையும் ஏமாற்றும். கீழ்ப்பகுதியில் இயல்பாகவே இனங்கள் அதிகம். அவற்றில் ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் கண்ணாடித் தொட்டியிலிருந்து தப்பிய டேங்க் கிளீனர் மீனும் அடக்கம். அயல் இனங்களை எண்ணிக்கையிலிருந்து நீக்கி, ஆபத்துப் பத்தியில் சேருங்கள்.

அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். இந்தத் துண்டு அழிந்தால் இதில் வாழும் இனம் வேறெங்காவது மிஞ்சுமா? மிஞ்சாது என்றால், அந்தத் துண்டு முதல் வரிசை. ஆபத்து இன்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அப்படித்தான். மிஞ்சும் என்றால், இங்கே இழப்பு எவ்வளவு விரைவில் வரும்? அதற்கும் பிறகு, பிற துண்டுகள் இதை நம்பி இருக்கின்றனவா? விலாங்கு ஏறும் வழியில் உள்ள அணைக்கட்டு, அரிய உயிரினம் எதுவும் இல்லாத இடமாக இருந்தாலும், மேலுள்ள எல்லாத் துண்டுகளுக்கும் அது வாசல்.

பிறகு பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்: இருப்பதைக் காக்க வேண்டிய துண்டுகள், இழந்ததை மீட்க வேண்டிய துண்டுகள். திருநெல்வேலி நகரை ஒட்டிய பகுதி இரண்டாவதில் வரும். அதை அங்கே எழுதும்போது உள்ளூரில் எதிர்ப்பு வரும். எனினும் ஒரே பட்டியலில் வைத்தால், பணம் முழுவதும் அந்தப் பகுதிக்குப் போய், மலையோடைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகாயத்தாமரையும் அப்படித்தான்: கண்ணுக்குத் தெரிவதால் எல்லாக் கூட்டத்திலும் முதலில் பேசப்படுகிறது, மணல் போன படுகையை யாரும் படம் எடுப்பதில்லை.

ஐயுசிஎன் அளவுகோலைப் பயன்படுத்தும்போது மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, அவர்களுடைய நன்னீர் மீன் வரைபடம் துணை வடிநிலம் முழுவதையும் வண்ணமிடும். அந்த வண்ணம் மீன் எல்லா ஓடையிலும் இருக்கிறது என்று பொருள்படாது. இரண்டாவது, வாழிடப் பரப்பை 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டங்களாக எண்ண வேண்டும். ஆற்றின் நீளத்தை அகலத்தால் பெருக்கினால் எல்லாமே மிகவும் அருகியதாகத் தோன்றும். பத்துக் கட்டத்தில் மட்டும் கிடைக்கும் மீனின் பரப்பு 40 சதுர கிலோமீட்டர். ஐயுசிஎன்னின் ஆபத்து நிலைகளில் மேலே இருப்பது மிக அருகியது, அதற்கு அடுத்தது அழியும் தறுவாய், அதற்கும் அடுத்தது அழிவாய்ப்பு. இந்த மீன் அழியும் தறுவாய்க்கான 500 சதுர கிலோமீட்டர் வரம்புக்குள் வருகிறது, ஆனால் மிக அருகியதற்கான 10க்குள் வரவில்லை. பரப்பு மட்டும் போதாது. சரிவு தொடர்வதற்கான சான்றும், இருப்பிடங்களின் எண்ணிக்கையும் வேண்டும். மூன்றாவது, அந்த இருப்பிடம் என்பது நீங்கள் மீன் பிடித்த இடங்களின் எண்ணிக்கை அல்ல. ஒரே நிகழ்வு விரைவில் பாதிக்கக்கூடிய பகுதி முழுவதும் ஓர் இருப்பிடம். ஓர் அணையின் நீர் நிறுத்தம் எட்டு இடங்களையும் வற்றடிக்குமானால் அவை ஒன்றே.

6. ஒவ்வொரு வரிக்கும் ஓர் அலுவலகம்

அட்டவணையின் நான்காவது பத்தியில் "அரசு" என்று எழுதாதீர்கள். அணைக்கட்டுக்குக் கீழே குறைந்தபட்ச நீர் விடுவது நீர்வளத் துறை; மின்னுற்பத்திக்கான நீர் என்றால் மின்வாரியமும் சேரும். பாபநாசத்தில் பரிகாரம் முடித்து ஆற்றில் விடப்படும் துணிகளுக்கு உள்ளாட்சியும் அறநிலையத் துறையும் பொறுப்பு. காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்கு வரும் பெருங்கூட்டம் காப்பகத்துக்குள் தங்குவதால், அங்கே வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும். அயல் மீன் குஞ்சுகள் குளத்தில் விடப்படுவதற்கு மீன்வளத் துறை. கோரிக்கையை அளவோடு எழுதுங்கள்: எந்த மாதத்தில், எந்த மதகு வழியாக, எவ்வளவு. பொறுப்பு எவருக்கும் பொருந்தவில்லை என்றால் அந்த வரியைத் தனித்தாளில் வையுங்கள். இந்த ஆண்டு அதைத் தொட வேண்டாம்.

7. எங்கே கொடுப்பது

ஊராட்சி அளவில், கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு சபைகள் உண்டு. மார்ச் 22 உலக நீர் நாள் என்பதால், ஆற்றுப் பேச்சுக்கு அன்று காது கிடைக்கும். தீர்மான நகலில் எண்ணும் கையொப்பமும் முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். அதே விவரத்தை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கும்படி பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். முதல் வரிசைத் துண்டு ஒன்று காப்பகத்துக்கு வெளியே இருந்தால், மதுரை அரிட்டாபட்டி 2022இல் பெற்றதுபோலப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தல அறிவிப்பைக் கேட்கலாம். ஆனால் ஆற்றில் நிலம் ஒருவருடையது, நீர் இன்னொருவருடையது, மீன் மூன்றாமவருடையது. ஆகவே இசைவுக் கடிதங்கள் சேர்ப்பதற்கே நெடுங்காலம் ஆகும்.

மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவாகக் கொடுத்தால் ஒப்புகை எண் கிடைக்கும். மூன்று மாவட்டத்திலும் ஒரே வாரத்தில் கொடுங்கள்.

உலக அளவில் முதன்மைப் பல்லுயிர்ப் பகுதி என்ற அங்கீகாரத்துக்கு 2016ஆம் ஆண்டின் பொது அளவுகோல் உண்டு. அழியும் தறுவாயிலோ அதற்கு மேலோ உள்ள இனம் ஒன்றின் உலகத் தொகையில் குறைந்தது 0.5 விழுக்காடும், இனப்பெருக்கம் செய்யும் ஐந்து அலகுகளும் (ஒரு முறை இனப்பெருக்கம் நடக்கத் தேவையான உயிர்கள் சேர்ந்தது ஓர் அலகு) அங்கே இருக்க வேண்டும். அழிவாய்ப்பு நிலையில் உள்ள இனத்துக்கு 1 விழுக்காடும் பத்து அலகுகளும். இந்த ஆற்றில் மட்டுமே வாழும் மீனுக்கு இந்த வரம்பு ஒரு தடையே அல்ல. தடையாக நிற்பது, அந்த இனத்தின் சிவப்புப் பட்டியல் மதிப்பீடு பழையதாக இருப்பதும், அண்மைக் காலச் சான்று இல்லாததும்தான். ஆகவே இரண்டாம் படியில் நட்சத்திரக் குறி இட்ட இனங்களின் பதிவுகளை, படம், நாள், ஜிபிஎஸ் புள்ளியுடன், ஐயுசிஎன்னின் நன்னீர் மீன் வல்லுநர் குழுவுக்கு முதலில் அனுப்புங்கள். இட முன்மொழிவை அதற்குப் பிறகு எழுதலாம். அங்கீகாரம் கிடைத்தாலும் 8 முதல் 12 ஆண்டுகளுக்குள் மறுபடி உறுதிசெய்ய வேண்டும். மூலக் களக்குறிப்பேடுகளைக் குழுவினர் வீட்டில் வைக்காமல் கல்லூரி நூலகத்தில் ஒப்படைத்துப் பதிவு எண் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் அடுத்த சுற்றைச் செய்யப்போகிறவர்கள் இப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள்.